அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜூலை மாதத்து வியாழக்கிழமை. மாலத்தீவில், நடந்தே சுற்றி வந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிற ஒரு சின்னத் தீவில், பள்ளிக்கூடம் ஒன்றில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தேன். போய்ச் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அன்று காலை ஒன்பதரை மணியிலிருந்து மாலை நாலே முக்கால் மணி வரை நடந்ததை நெருங்கிய நண்பர்களிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். எழுதினால் மாற்ற முடியாது என்பதால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில். அப்பா கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறவர், அம்மாவும் அதே பண்ணையில்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் புத்தகத்தோடு வெளியே வந்த முதல் ஆள் நான். பி.எட். முடித்ததும் எங்கள் பக்கத்தில் விடுதியோடு இருக்கிற ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். பாடம் நடத்துவது எப்படி என்று கற்றுக்கொண்டது அங்கேதான். பாடத்தோடு சேர்த்து வேறு சிலதையும் கற்றுக்கொண்டேன்.

அதில் ஒன்று, மார்க் குறைந்த பிள்ளையிடம் சொல்கிற வாசகம். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா. இல்லாட்டி வகுப்புக்குள்ள வராதே." எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் இதற்கு யாரும் அதிர்ச்சி அடைய மாட்டார்கள். திங்கள்கிழமை காலையில் ஆபீஸ் வராந்தாவில் பெற்றோர் வரிசையாக நிற்பார்கள். லாரி ஓட்டுகிறவர், தறி ஓட்டுகிறவர், ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் வேலை செய்கிறவர் என்று எல்லோரும் வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டு நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் திட்டு, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்பார்கள், மாமாவைக் கூட்டி வருவார்கள், இரண்டு நாள் அழுதே காலத்தை ஓட்டுவார்கள். வாத்தியார் சொல்வதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு மிரட்டல் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அத்துபடி.

இந்த வாசகத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் நான் கடல் தாண்டிப் போனேன்.

அந்தத் தீவில் எங்கள் ஊரை ஞாபகப்படுத்த இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, கடைத்தெருவில் இருந்த ஒரே பெரிய மளிகைக்கடையில் அடுக்கி வைத்திருந்த நாமக்கல் முட்டை. இன்னொன்று, எங்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்திய ஒரு அக்கா. சேலத்துக்காரர், கிறிஸ்தவர். ஏழு வருடமாக அங்கே இருந்தார். நான் போய் இறங்கின அன்றைக்கே ஊர் எது என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார்.

"ஓ, அந்த ஊரா? முட்டையையும் மார்க்கையும் ஒரே ஷெட்டுல உற்பத்தி பண்ணுவீங்களே! இங்க வந்து எங்க புள்ளைங்களுக்கு லைட்டைப் போட்டு ராத்திரியெல்லாம் தீனி வச்சுடாதீங்க தம்பி."

கோபம்தான் வந்தது. என்னை அங்கே கொண்டுவந்து சேர்த்ததே அந்த ஷெட்டு வேலைதானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பதின்மூன்று வயது. நோட்டு கண்ணாடி மாதிரி இருக்கும், கரும்பலகையில் போட்டதை அச்சு மாதிரி எழுதியிருப்பாள். பரீட்சைத் தாளில் மட்டும் ஒன்றும் இருக்காது. அந்த முறை முப்பத்தொன்று. வகுப்பிலேயே குறைந்த மார்க் அதுதான். புதன்கிழமை கடைசி மணி அடித்த பிறகு ஆசிரியர் அறை வாசலுக்கு அவளைக் கூப்பிட்டேன். தாளை நீட்டினேன். ஊரில் சொல்கிற அதே குரலில், ஆங்கிலத்தில் சொன்னேன்: நாளைக்கு உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, அப்பா இல்லாமல் என் வகுப்புக்கு வராதே.

அவள் அழவில்லை. காரணம் சொல்லவில்லை. ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, "சரி சார்" என்று போய்விட்டாள். எங்கள் ஊராக இருந்தால் நாலு தரமாவது கெஞ்சியிருப்பார்கள். எனக்கு அதுவே திமிர் மாதிரித் தெரிந்தது.

மறுநாள் காலை வானம் கறுத்துக் கிடந்தது. தென்மேற்குக் காற்று வீசுகிற மாதம் அது. முதல் பாடவேளையில் அவள் இடம் காலியாக இருந்தது. வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு போட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. பயம் வந்துவிட்டது, இனிமேல் படிப்பாள் என்று நினைத்தேன்.

ஒன்பதரைக்கு மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் அவளுடைய அம்மா ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு குடையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வந்தார். மகள் குடை எடுக்காமல் போய்விட்டாளாம், கொடுக்க வந்திருந்தார். எட்டாம் வகுப்பு வாசலில் போய் நின்று எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார்கள். அந்த அம்மாவின் கையிடுக்கில் இருந்த குடை கீழே விழுந்தது.

அடுத்த பத்து நிமிடத்தில் பள்ளிக்கூடம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. காலை ஆறு மணிக்கு முன்னாலேயே சீருடையோடு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறாள்; அங்கே பள்ளி ஏழு மணிக்கே தொடங்கிவிடும் என்பதால் அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை. பள்ளிக்கு வரவில்லை. தோழிகள் வீட்டில் இல்லை. தலைமையாசிரியை அந்தத் தீவுக்காரர், நிதானமான பெண்மணி. அவரே மழையில் நனைந்துகொண்டு வாசலுக்கு ஓடினார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னார்கள். ஒரு சின்னப் பையன் காலையில் அவள் மேற்குக் கரைப் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், ஊர் ஆண்கள் எல்லாம் மேற்குக் கரைக்கு ஓடினார்கள்.

நானும் ஓடினேன். அந்த ஊரில் யாருக்கும் வராத ஒரு நினைப்பு எனக்கு மட்டும் வந்துவிட்டது. மார்க் குறைந்த பிள்ளைகளைப் பற்றி எங்கள் ஊர்ப் பேப்பரில் வருகிற செய்திகளை நான் படித்திருக்கிறேன். என் விடுதிப் பள்ளியில் ஒரு நாள் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். ஏன் பூட்டு என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. எல்லோருக்கும் தெரியும். அந்தப் பூட்டு கண்ணுக்கு முன்னால் வந்து தொங்கியது.

மேற்குக் கரையில் பவளப்பாறை விளிம்பில் அலை ஆள் உயரத்துக்கு எழும்பி உடைந்துகொண்டிருந்தது. ஏழெட்டு இளைஞர்கள் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதற்குள் குதித்தார்கள். அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார். தலைமையாசிரியை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். நேற்று வகுப்பில் ஏதாவது நடந்ததா? யாராவது ஏதாவது சொன்னார்களா? என்னிடமும் கேட்டார்.

நான் இல்லை என்றேன்.

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு யோசிக்க ஆரம்பித்தேன். இன்னும் ஒரு மாதத்தில் என் தகுதிகாண் காலம் முடியும். ஊரில் ஓட்டு வீட்டைப் பிரித்துப்போட்டுவிட்டுத் தளம் போட ஆரம்பித்திருந்தார்கள். வெளிநாட்டு வாத்தியார் என்று அப்பா பண்ணையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். போலீஸ் கேட்டால் என்ன சொல்வது, திருப்பி அனுப்பிவிட்டால் எந்த முகத்தோடு போய் இறங்குவது என்று என்னைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தையைக் காணோம், நான் நின்று என் வேலையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கடலுக்குள் போன ஒருவனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாறை அவன் பாதத்தைக் கிழித்திருந்தது. மழைத் தண்ணீரோடு ரத்தம் மணலில் ஓடியது. அவன் உட்கார்ந்து துணியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் எழப் பார்த்தான். மற்றவர்கள் பிடித்து அமுக்கினார்கள்.

அப்போது யாரோ என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். சேலத்து அக்கா. தென்னை மரங்களுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார். முகத்தில் அன்றாடக் கேலி இல்லை.

"நேத்து ரூம் வாசல்ல அந்தப் புள்ளைகிட்ட நீங்க பேசிட்டிருந்தீங்க. எனக்குப் பாதிதான் காதுல விழுந்துச்சு. என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லைங்க அக்கா. மார்க் கம்மி, நல்லாப் படின்னு..."

"தம்பி, அந்தப் பையன் கால்ல ரத்தத்தைப் பாத்தீங்கல்ல? இன்னும் ஆறு பேரு உள்ள இருக்கானுங்க. என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அக்கா ஒரு கணம் கண்ணை மூடினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அவங்க அப்பா எங்க இருக்காரு?"

எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் பாடம் நடத்தியிருக்கிறேன், அந்தப் பெண்ணின் அப்பா எங்கே இருக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொல்லத் தெரிந்திருக்கிறது.

"அவரு இந்தத் தீவுலயே இல்லைங்க தம்பி. படகு கட்டுற பட்டறைல வேலை, வேற தீவு. போட்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம். பதினஞ்சு நாளைக்கு ஒரு தரம்தான் வருவாரு." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. "ஐயோ தம்பி, அது அப்பாவைக் கூட்டிட்டு வரப் போயிருக்கு. நீங்க சொன்னதைத்தான் செஞ்சிருக்கு. போங்க, ஓடுங்க. போய்ச் சொல்லிருங்க."

நான் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். ஊர்ப் பெரியவர்கள், போலீஸ்காரர், அந்த அம்மா எல்லோரும் சுற்றி நிற்க, ஆங்கிலத்தில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். முதலில் இல்லை என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். கோபம் வரவில்லை. அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தைத்தான் கணக்குப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம். திரும்பி, கடலுக்குள் இருந்தவர்களைக் கூப்பிடச் சொல்லிக் கையை ஆட்டினார்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. சின்னப் பையன் பார்த்தது வேறு யாரையோ; காலை ஆறு மணிக்குக் கிழக்குக் கரைப் படகுத்துறையிலிருந்து சாமான் ஏற்றுகிற படகு ஒன்று அப்பா இருந்த தீவுக்குக் கிளம்பிப் போயிருக்கிறது. ஓட்டுகிற பெரியவர் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவர்தான். அம்மா அனுப்பியிருப்பார் என்று நினைத்து ஏற்றிக்கொண்டிருப்பார். பட்டறைக்குப் போன் போட்டார்கள். படகு இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். மணி பத்தே முக்கால். எட்டரைக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய படகு.

பெரியவர் போனை எடுக்கவில்லை. படகில் இருந்த வயர்லெஸ்ஸும் பதில் சொல்லவில்லை. பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் சொன்னார்கள், கடலோரக் காவல் படைக்குச் சொன்னார்கள். காற்று இப்படி இருக்கும்போது இன்னொரு படகை அனுப்ப முடியாது, கொஞ்சம் குறையட்டும் என்று அங்கிருந்து பதில் வந்தது.

இதுவரை அவள் கரையில் எங்கேயாவது ஒளிந்திருப்பாள் என்று ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. அவள் கடலில்தான் இருக்கிறாள். நான்தான் அனுப்பியிருக்கிறேன்.

படகுத்துறையில் போய் உட்கார்ந்தோம். சிமெண்டு மேடையில் வரிசையாகப் பெண்கள், ஆண்கள், வாத்தியார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, பக்கத்தில் உட்காரவும் இல்லை. அக்கா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து மணியை உருட்டிக்கொண்டிருந்தார். மேட்டூர் அணையைத் தவிர பெரிய தண்ணீர் எதையும் பார்த்து வளராதவன் நான். அலை எவ்வளவு உயரம் வந்தால் ஆபத்து, எவ்வளவு வந்தால் சாதாரணம் என்று எனக்குத் தெரியாது. அதனால் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கடல் தெரிந்த மனிதர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது இருமினால்கூட ஏதாவது செய்தியோ என்று தூக்கிவாரிப்போடும்.

பன்னிரண்டு மணிக்கு மழை விட்டது. காற்று விடவில்லை. யாரோ எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார்கள். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. கொடுத்தவன் காலில் கட்டுப் போட்டிருந்தவன்தான், நொண்டிக்கொண்டே வந்தான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவன் "டீ, சார்" என்று கோப்பையைக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். அந்த டீயை என்னால் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

ஒன்றரை மணிக்குப் போலீஸ்காரரின் போன் அடித்தது. அவர் எழுந்து நின்று பேசினார். பேசும்போதே அந்த அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டுகிறாரா, இல்லை என்று ஆட்டுகிறாரா எனக்குப் புரியவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். படகுத்துறையே சந்தோஷத்தில் ஒரு பெரிய சத்தம் போட்ட பிறகுதான் அது ஆமாம் என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். பாதி வழியில் காற்று பலமானதும் பெரியவர் படகை ஆளில்லாத ஒரு மணல் திட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நங்கூரம் போட்டுவிட்டார். போன் சிக்னல் அங்கே கிடைக்காது. அலையில் வயர்லெஸ்ஸுக்குள் தண்ணீர் புகுந்து அதுவும் ஊமையாகிவிட்டது. காற்று கொஞ்சம் குறைந்ததும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தாளாம், அவ்வளவுதான்.

நான் எழுந்து அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டலாம் என்று பார்த்தேன். தலைமையாசிரியை என்னிடம் வந்தார். நான் உண்மையைச் சொன்னதற்குப் பிறகு அப்போதுதான் என்னிடம் பேசினார். "அவள் அப்பாவும் கூட வருகிறார். நீங்கள் கூப்பிட்டீர்கள். இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்."

பட்டறையின் பெரிய படகு அவர்களை ஏற்றிக்கொண்டு நாலே முக்காலுக்குத் துறைக்குள் வந்தது. முன்னால் நின்றவர்தான் அப்பா என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஒல்லியான ஆள், என் அப்பா வயதுதான் இருக்கும். சட்டையெல்லாம் மரத்தூளும் பசையும். வேலை நடுவில் கருவியைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார். அவள் பக்கத்தில் சீருடையோடு நின்றாள், உப்புத் தண்ணீர் காய்ந்து முடியெல்லாம் சடை பிடித்திருந்தது. இறங்கியதும் அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். முதுகில் இரண்டு அடி வைத்தார், மறுபடியும் கட்டிக்கொண்டார்.

அம்மாவின் கையிலிருந்து விடுபட்டு அவள் கூட்டத்தில் யாரையோ தேடினாள். என்னைத்தான். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து நின்றாள். அவள் முகத்தில் பயமோ வருத்தமோ இல்லை. கொடுத்த வேலையை முடித்துவிட்டு வந்த பிள்ளையின் முகம்.

"சார், கூட்டிட்டு வந்துட்டேன்."

நான் அடிக்குத் தயாராக இருந்தேன். சட்டையைப் பிடிப்பார், நியாயம்தான், வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அவர் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். குலுக்கினேன். ஏதோ கேட்டார். அவருக்கு ஆங்கிலம் வராது. மகள்தான் மொழிபெயர்த்தாள்.

"சார், நான் என்ன தப்பு பண்ணினேன்னு அப்பா கேக்கிறார்."

"தப்பு ஒன்றும் இல்லை. மார்க்... கணக்கில் முப்பத்தொன்று."

அதை அவள் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். ஊரே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, இன்னொரு கேள்வி கேட்டார்.

"அப்பா என்ன செய்யணும்னு கேக்கிறார் சார்."

குத்தலாகக் கேட்கவில்லை. அதுதான் என்னை உடைத்தது. வாத்தியார் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார் என்றால் தன்னால் ஆகவேண்டிய வேலை ஏதோ இருக்கிறது என்று நம்பி, வேலையை விட்டுவிட்டு, அந்தக் கடலில் வந்திருக்கிறார். என்ன வேலை என்று கேட்கிறார். நான் தேடினேன். உண்மையாகவே தேடினேன். இரண்டு வருடம் எத்தனையோ பெற்றோரை அந்த வராந்தாவில் நிற்க வைத்திருக்கிறேன். ஒருத்தருக்காவது செய்வதற்கு ஒரு வேலை சொல்லியிருக்கிறேனா? கண்டித்து வையுங்கள் என்போம். டிவியை நிறுத்துங்கள் என்போம். அவர்கள் சரிங்க சார் என்று போய்விடுவார்கள். யாரும் நின்று இப்படிக் கேட்டதில்லை, அதனால் என்னிடம் பதில் இல்லை என்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

"எனக்குத் தெரியவில்லை" என்றேன்.

அந்தச் சின்னப் பெண் அதையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஒரு கணம் தயங்கி என்னைப் பார்த்தாள், பிறகு சொன்னாள். அவர் தலையசைத்தார். என் தோளைத் தொட்டு ஏதோ சொல்லிவிட்டு மனைவியோடும் மகளோடும் நடந்தார். அந்தக் கடைசி வார்த்தையை அவள் மொழிபெயர்க்கவில்லை. தலைமையாசிரியையிடம் கேட்டேன்.

"தெரிந்ததும் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன் என்கிறார்."

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அக்கா கைக்குட்டையை நீட்டி, "மூக்கைச் சிந்துங்க கோழிப்பண்ணைக்காரரே, ஊரு பாக்குது" என்றார். அவர் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதை மட்டும் விட்டுவிடலாம் என்று இருந்தேன், அதுவும் வாயில் வந்துவிட்டது. அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏஞ்சாமி, புள்ளைக்கு ஒண்ணுமில்லையில்ல?"

"ஒண்ணுமில்லீங்கப்பா."

"அப்புறமென்ன, உடு." பிறகு சொன்னார். "நீ பன்னண்டாவது படிக்கைல உன்ற வாத்தியாரு என்னைய வரச் சொன்னாரல்ல? பண்ணைல அரைநாள் லீவு சொல்லிப்போட்டு வந்தேன். நின்னேன், என்னென்னமோ சொன்னாரு, சரிங்க சாமின்னு சொல்லிப்போட்டு ஊடு வந்தேன். எதுக்குக் கூப்புட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. உனக்காச்சும் தெரிஞ்சு கூப்புட்டயாக்குன்னு நெனச்சேன், போ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு எழுத்துபூர்வமாக ஒரு எச்சரிக்கை வந்தது. தகுதிகாண் காலத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். அவளோடு தனியாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, பின்னம் என்பதே அவளுக்கு மூன்று வருடமாகப் பிடிபடவில்லை. அதைத் தாண்டி வந்த எல்லாவற்றையும் அழகாக எழுதி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஐந்து மாதத்தில் அவள் நோட்டைத் திருத்திய எனக்கு அது தெரியவில்லை. மத்தியானங்களில் அவளுக்கும் இன்னும் நாலு பேருக்கும் ரொட்டியை ஒடித்து வைத்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. வருடக் கடைசியில் நாற்பத்தாறு வாங்கினாள். அவள் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பும்படி எனக்குக் கடைசி வரை எதுவும் தெரியவில்லை. நாற்பத்தாறு என்பதை மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஒப்பந்தம் முடிந்து இப்போது நாமக்கல் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் இருக்கிறேன். போன மாதம்கூட ஒரு பையனைப் பற்றிக் கூட்டம் போட்டு, பெற்றோரை வரச் சொல்லுங்கள் சார் என்றார்கள். போன் போட்டேன். அவன் அப்பா லாரி டிரைவர். நாக்பூர் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். "ஏனுங்க சார், பையனுக்கு ஏதாச்சுங்களா? வண்டியைக் கிளீனர்கிட்ட உட்டுப்போட்டு இப்பவே பஸ் ஏறி வாரேனுங்க" என்று பதறினார். அவரை அமைதிப்படுத்தி, ஒன்றுமில்லை, வர வேண்டாம் என்று சொல்லி வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

இன்றும் ஒரு பெற்றோரின் எண்ணை அழுத்தப் போகும்போது, அவர் வந்து நின்று "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று கை ஒரு கணம் நின்றுவிடுகிறது, பல நாட்கள் பதில் இல்லாமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பிள்ளையின் நோட்டை முதல் பக்கத்திலிருந்து பார்க்கத் திரும்பிப் போகிறேன்.